மூணு குளிர்காலத்துக்கு முன்னாடியே விறகு சேர்த்து வைக்கிறது எப்படி

விறகு வந்து இறங்குன அன்னைக்கே எரிக்கலாம்னு நினைச்சுதான் நானும் ஆரம்பிச்சேன். வீட்டை சூடாக்குற விறகு அடுப்பு, அதான் வுட் ஸ்டவ், புதுசா மாட்டி முடிச்ச கையோட, நல்லா காஞ்ச விறகுன்னு சொல்லி ஒருத்தர் லோடு கொண்டுவந்து கொட்டிட்டுப் போனார், பாக்க ஒரே அளவா அழகா இருந்துச்சு, நானும் ஆசையா அடுக்கி வச்சேன். அடுப்புல வச்சா சொய்ங்னு சத்தம், கட்டையோட ரெண்டு வெட்டு முனையிலயும் நுரை நுரையா தண்ணி பொங்கி வடியுது, கண்ணாடிக் கதவு ஒரே ராத்திரியில கறுப்பாயிடுச்சு, வீடு மட்டும் சூடாகவே இல்ல. அப்புறம் மரத்துல இருக்கிற ஈரத்தை அளக்குற ஒரு மாய்ஸ்ச்சர் மீட்டர் வாங்கி, ஒரு கட்டையைப் பிளந்து உள்பக்கம் குத்திப் பாத்தா 34 சதவீதம். எரிக்கிற விறகு 20க்குக் கீழ இருக்கணும். அந்த 34ல இருந்து 20க்கு வர்றதுக்கு இன்னொரு முழு கோடைகாலம் வேணும், என்கிட்ட இருந்தது மூணு வாரம்.

மரம் எப்ப வேணா கிடைக்கும், செயின்சா கிடைக்கும், ஆள் கூட கிடைப்பாங்க. போன ரெண்டு வருஷம் மட்டும் எங்கயும் கிடைக்காது. அதனால இந்த வேலையோட மொத்த சூட்சுமமும் முன்கூட்டியே ஆரம்பிக்கிறதுலதான் இருக்கு, இன்னைக்கு நீங்க வெட்டுறது இந்தக் குளிருக்கு இல்ல, இன்னும் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வர்ற குளிருக்கு. சூளையில வச்சு உலர்த்துன விறகும் விக்கிறாங்க, அவசரத்துக்கு அது நல்லதுதான், ஆனா குளிர்காலம் முழுக்க அதை மட்டுமே எரிச்சு வீட்டை சூடாக்குறது நிறைய பேருக்கு கட்டுப்படியாகாது.

முதல்ல தண்ணிக் கணக்கைப் பாத்துடலாம், அது புரிஞ்சா மத்த எல்லாம் தானா புரியும். மரத்துல ஈரத்தை, சுத்தமா தண்ணியே இல்லாத மரத்தோட எடையை வச்சுதான் சதவீதமா சொல்றாங்க, மீட்டர் காட்டுறதும் அதுதான். பச்சையா, அதாவது இப்பதான் வெட்டுன ரெட் ஓக் மரத்துல இது கிட்டத்தட்ட 80 சதவீதம், ஆஷ் மரத்துல 45தான், பாப்லர் வகையில காட்டன்வுட்ல 150க்கு மேலயே போகும், அதாவது மரத்தோட எடையை விட அதுக்குள்ள இருக்கிற தண்ணியோட எடை அதிகம். ஒரு குளிர்காலத்துக்கு 20 சதவீத ஈரத்துல 2400 கிலோ விறகு வேணும்னு வைங்க, அதுல மரம்னு இருக்கிறது 2000 கிலோ. அதே விறகு பச்சை ஓக்கா வந்து இறங்கும்போது 3600 கிலோ இருந்திருக்கும். நடுவுல 1200 லிட்டர் தண்ணி உங்க கொல்லையில இருந்து காத்தோட போகணும். இதைக் கேட்டதுக்கு அப்புறமும் பச்சை விறகை வீட்டுக்குள்ள, கீழ்த்தள ரூம்ல அடுக்குனா காஞ்சிடும்னு யாரும் நினைக்க மாட்டீங்க, அந்த 1200 லிட்டரும் வீட்டுச் சுவத்துலயும் மெத்தையிலயும்தான் போய் ஏறும், பூசணம் பிடிக்கும்.

ஈர விறகுனால என்ன நஷ்டம்னு கேட்டா, தண்ணிய கொதிக்க வைக்கவே சூடெல்லாம் போயிடுதுன்னு எல்லாரும் சொல்வாங்க. அது பாதி உண்மை. ஒரு லிட்டர் தண்ணிய ஆவியாக்க சுமார் 0.7 யூனிட் (கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட், கிலோவாட்-மணி) சூடு போதும், காஞ்ச விறகு ஒரு கிலோவுல சுமார் 4 யூனிட் இருக்கு, அந்த 1200 லிட்டருக்கும் சேர்த்துப் பாத்தா கூட மொத்த சூட்டுல பத்துல ஒரு பங்குக்குக் கீழதான் வரும். பெரிய நஷ்டம் வேற இடத்துல இருக்கு. விறகு சூடானதும் அதுல முக்கால் பங்குக்கு மேல வாயுவாத்தான் வெளிய வரும், நாம பாக்குற ஜுவாலை அந்த வாயு எரியுறதுதான், அது ஒழுங்கா எரியணும்னா 600 டிகிரி செல்சியஸ் மாதிரி சூடு உள்ள இருக்கணும். ஈரம் அடுப்பைக் குளுர வச்சுக்கிட்டே இருக்கும், வாயு எரியாம புகையா மேல போகும், புகைபோக்கியில 120 டிகிரிக்குக் கீழ இறங்குனதும் தாரா ஒட்டிக்கும். அதுக்குப் பேர் கிரியோசோட். அது சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் தீப்பிடிச்சா புகைபோக்கிக்குள்ள 1000 டிகிரியைத் தாண்டும், கூரையே எரியலாம். அதனால காஞ்ச விறகுங்கறது சிக்கன விஷயம் மட்டும் இல்ல, வீட்டுல தூங்குறவங்க உயிர் சம்பந்தப்பட்டது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது புகைபோக்கியை சுத்தம் பண்ண ஆளைக் கூப்பிடுங்க, உள்ள 3 மில்லிமீட்டர் படிஞ்சிருந்தாலே சுரண்டணும், கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாம ஸ்டவ் மாட்டவே மாட்டாதீங்க.

சரி, எவ்வளவு சேர்க்கணும். நான் போட்ட கணக்கை அப்படியே சொல்றேன், உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், சராசரியா 4 கிலோவாட் சூடு, 150 நாள். பெருக்குனா 7200 யூனிட். ஸ்டவ் 75 சதவீதம்தான் வீட்டுக்குள்ள குடுக்கும், அப்ப விறகுல 9600 யூனிட் இருக்கணும், கிலோவுக்கு 4ன்னு வகுத்தா 2400 கிலோ. கெட்டி மரமா இருந்தா அடுக்கி வச்ச ஒரு கன மீட்டர்ல சுமார் 450 கிலோ நிக்கும், அப்ப 5.3 கன மீட்டர், ஒண்ணரை கார்டு. கார்டுன்னா 4 அடி உயரம் 4 அடி அகலம் 8 அடி நீளம், 128 கன அடி, அதுல இடைவெளி போக நிஜ மரம் 80, 85 அடிதான் இருக்கும். வாங்கும்போது ஃபேஸ் கார்டுன்னு சொன்னா அது ஒரே வரிசை, பெரும்பாலும் முழு கார்டுல மூணுல ஒரு பங்கு, பேரைக் கேட்டு ஏமாறாதீங்க, டேப் வச்சு அளந்துடுங்க. 33 சென்டிமீட்டர் கட்டையை ஒண்ணரை மீட்டர் உயரத்துக்கு ஒத்தை வரிசையா அடுக்குனா மீட்டருக்கு அரை கன மீட்டர், ஆக ஒரு குளிருக்கு 11 மீட்டர் நீளச் சுவர். மூணு வருஷத்துக்கு 33 மீட்டர். முதல் தடவை இந்த நம்பரைப் பாத்து மலைச்சுப் போயிட்டேன், ஆனா ஒரே வருஷத்துல யாரும் 33 மீட்டர் அடுக்கப் போறதில்ல, பின்னாடி சொல்றேன்.

மரம் வெட்ட நல்ல நேரம் குளிர்காலத்துக் கடைசி. இலை இருக்காது, பாத்து வெட்டலாம், வசந்தமும் கோடையும் முழுசா காய கிடைக்கும். கோடையில வெட்ட வேண்டி வந்துச்சுன்னா ஒரு வழி இருக்கு, கிளையைக் கழிக்காம இலையோட அப்படியே சில வாரம் கிடக்க விடுங்க, இலை வாடுற வரைக்கும் உள்ள இருக்கிற தண்ணிய இழுத்து வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். நின்னபடியே செத்த மரம் காஞ்சிருக்கும்னு நம்பிடாதீங்க. மேல் கிளைங்க காஞ்சிருக்கும், அடிமரம் வெட்டுனா சொதசொதன்னு இருக்கும், அதுவும் செத்த ஆஷ் மரம் வெட்டும்போது கிளை பொட்டுனு ஒடிஞ்சு தலையில விழும், பழக்கம் இல்லாதவங்க அதுல கையே வைக்க வேண்டாம். செயின்சா எடுத்தா கால் காப்பு உடுப்பு, இரும்பு முனை வச்ச பூட்ஸ், கண்ணாடி, காது மூடி நாலும் போட்டுட்டு எடுங்க, அஞ்சு நிமிஷ வேலைன்னாலும் சரி.

நீளம், ஸ்டவ்வோட உள் அளவை விட 5 சென்டிமீட்டர் குறைவா இருக்கட்டும். அது வைக்க வசதிக்காக மட்டும் இல்ல. மரத்துக்குள்ள தண்ணி நார் ஓடுற திசையிலதான் வேகமா நகரும், குறுக்க நகர்றதை விட பத்து பதினஞ்சு மடங்கு வேகம், வெட்டு முனைதான் அதோட வாசல். அரை மீட்டர் கட்டையை விட கால் மீட்டர் கட்டை வெகு சீக்கிரம் காயும். அதே மாதிரி பட்டைங்கறது மழைக்கோட்டு மாதிரி, வெளிய இருந்து தண்ணிய உள்ள விடாது, உள்ள இருக்கிறதையும் வெளிய விடாது. பிர்ச் மரத்தை உருளையாவே விட்டீங்கன்னா பட்டை வெள்ளை வெளேர்னு பளபளன்னு இருக்கும், உள்ள கட்டை மக்கிப் போயிருக்கும். ஒரு வருஷம் கழிச்சு கோடாலியை ஓங்குனா சதக்குனு ரொட்டியில கத்தி இறங்குன மாதிரி இறங்கும். மக்குன மரத்துல சூடும் இல்ல, மழை பெஞ்சா ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சுக்கும். அதனால வெட்டுன உடனே பிளந்துடுங்க, மணிக்கட்டு தடிமனுக்கு மேல இருக்கிற எதையும் முழு உருளையா அடுக்காதீங்க.

பிளக்குறதுக்கு 3, 4 கிலோ எடையுள்ள மழுங்கல் கோடாலி, அதான் மால்னு சொல்றது, அது போதும், கூட ரெண்டு இரும்பு ஆப்பு வச்சுக்கங்க. அடிக்கட்டை முட்டி உயரத்துக்கு மேல வேண்டாம், காலை அகட்டி நில்லுங்க, குறி தவறுனா கோடாலி தரையிலயோ அடிக்கட்டையிலயோ போகணும், முழங்காலுக்கு வரக் கூடாது. நடுவுல அடிக்கிறதை விட ஏற்கனவே வெடிப்பு ஓடியிருக்கிற பக்கமா பாத்து அடிங்க, கணு இருந்தா அதைத் தவிர்த்து ஓரத்துல இருந்து சீவிக்கிட்டே வாங்க. ஒரு பழைய டயரை அடிக்கட்டை மேல வச்சு அதுக்குள்ள உருளையை நிறுத்திப் பிளந்தா துண்டுங்க சிதறாது, குனிஞ்சு குனிஞ்சு எடுக்குற வேலை மிச்சம், என் முதுகு இன்னைக்கும் நல்லா இருக்குன்னா அந்த டயர்தான் காரணம். நிறைய மரம் பச்சையிலதான் லேசா பிளக்கும், தைலமரம் மாதிரி சிலது காஞ்சா இரும்பாயிடும், எல்ம் எப்பவுமே நாரா பின்னிக்கிட்டு வரும், அதுக்கு ஹைட்ராலிக் மெஷின் வாடகைக்கு எடுக்கிறது உத்தமம். உறைபனி நாள்ல பிளந்தா பச்சைக் கட்டை டப்புனு ரெண்டாகும், அந்தக் காலையை விடாதீங்க. தடிமன் 8ல இருந்து 15 சென்டிமீட்டர் வரைக்கும் கலந்து இருக்கட்டும், ராத்திரிக்குப் போட தடியா கொஞ்சம், பத்த வைக்க மெல்லிசா நிறைய.

எந்த மரம் எத்தனை நாள்னு கேப்பீங்க. பிளந்து, காத்து படுற மாதிரி அடுக்குனா பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி மரங்க ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம், ஆஷ், பிர்ச் ஒரு வருஷம், மேப்பிள், பீச் ஒண்ணுல இருந்து ரெண்டு, ஓக் ரெண்டுல இருந்து மூணு. பாப்லர் அவ்வளவு தண்ணியா இருந்தும் ஒரு வருஷத்துல காஞ்சிடும். ஓக் ஏன் இப்படி அடம் பிடிக்குதுன்னா, வெள்ளை ஓக்ல வைரம் பாஞ்சதும் தண்ணி ஓடுற குழாய்களை மரமே உள்ளுக்குள்ள அடைச்சுக்கும். ஒயின் பீப்பாயை அந்த மரத்துல செய்றதே அதனாலதான், கசியாது. பீப்பாய்ல ஒயினைக் கசிய விடாத அதே கட்டைதான் உள்ள இருக்கிற தண்ணிய காத்துக்கும் விட மாட்டேங்குது. பைன் எரிச்சா புகைபோக்கி பாழாயிடும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு, தயவுசெஞ்சு அதை நம்பி நல்ல விறகைத் தூக்கிப் போடாதீங்க. நல்லா காஞ்ச பைன் சுத்தமா எரியும், கிலோவுக்குக் கிலோ ஓக் குடுக்குற சூட்டைத்தான் அதுவும் குடுக்குது, எடை கம்மிங்கறதால அதிக இடம் அடைக்கும், சீக்கிரம் எரிஞ்சு முடியும், அவ்வளவுதான். தார் படியுறதுக்குக் காரணம் ஈரமும், காத்தை அடைச்சுப் போட்டு புகைய விடுறதும்தான்.

இப்ப அடுக்குறது. இதுலதான் நிறைய பேரோட ரெண்டு வருஷ உழைப்பு வீணாப் போறதைப் பாத்திருக்கேன். மண்ணைத் தொடவே கூடாது, கீழ் வரிசை மண்ணுல இருந்து ஈரத்தை உறிஞ்சி கரையானுக்கு ஏணி வச்சுக் குடுக்கும். சரக்கு அடுக்குற பழைய மரத் தட்டு, அதான் பேலட், அதுவோ, ரெண்டு நீளக் கட்டையை செங்கல் மேல வச்சோ, 10 சென்டிமீட்டராவது தூக்குங்க. வீட்டுச் சுவத்தோட ஒட்டி அடுக்காதீங்க, ஒரு சாண் இடைவெளி குறைஞ்சபட்சம், காட்டுத்தீ வர்ற பகுதின்னா வீட்டுல இருந்து 10 மீட்டர் தள்ளி. வெயிலை விட காத்து முக்கியம், அதிகமா காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தக் காத்து வரிசையோட முகத்துல படுற மாதிரி நிறுத்துங்க. ஒத்தை வரிசைதான் நல்லது, இடம் இல்லாம ரெண்டு வரிசை போட்டா நடுவுல ஒரு முழம் விடுங்க. முனையில முட்டுக் குடுக்க கம்பம் இல்லன்னா மூணு கட்டை இப்படி, அதுக்கு மேல மூணு கட்டை குறுக்க, மறுபடி இப்படின்னு தூண் மாதிரி கட்டிக்கிட்டு வரலாம், அதுக்கு நேரான சதுரமான கட்டையா பொறுக்கி எடுத்து வச்சுக்கங்க, ஆட்டிப் பாத்து ஆடாம இருந்தாதான் அடுத்த கட்டை. ஒண்ணரை மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க. காயக் காய கட்டை சுருங்கும், வெயில் படுற பக்கம் முதல்ல சுருங்கி மொத்த அடுக்கும் அந்தப் பக்கமா சாயும், குழந்தைங்க விளையாடுற இடம்னா இன்னும் தாழ்வா போடுங்க. ரொம்ப நெருக்கி நெருக்கி, இடுக்கே இல்லாம ஜோடிக்கிற ஆசை வரும், அது வேண்டாம், ஊடால வெளிச்சம் தெரியணும்.

மூடுறது மேல மட்டும். தகரமோ பழைய ரூஃபிங் ஷீட்டோ, ரெண்டு பக்கமும் ஒரு கை அகலம் வெளிய நீட்டி, மேல கல் வச்சு அமுக்கிடுங்க. தார்ப்பாயை தரை வரைக்கும் இழுத்து போர்த்திக் கட்டுனீங்கன்னா உள்ள இருக்கிற ஆவி மேல போய் முட்டி திரும்ப விறகு மேலயே சொட்டும், கோடை முடிஞ்சு பிரிச்சா வெள்ளையும் பச்சையுமா பூசணம். மேல மூடாம விடுறவங்களும் உண்டு, வறண்ட இடத்துல அது பரவாயில்ல, மேல் வரிசையைப் பட்டை மேல இருக்கிற மாதிரி வச்சா மழை வழிஞ்சு போகும். ஆனா ஈரமான இடத்துல கூரை இருந்தே ஆகணும். காத்துல ஈரப்பதம் 65 சதவீதம்னா விறகு கடைசியில 12 சதவீதத்துல போய் நிக்கும், 80ன்னா 16, 90 சதவீதம்னா கூட 20 பக்கம்தான் நிக்கும். அதாவது எவ்வளவு சவசவன்னு இருக்கிற ஊரா இருந்தாலும் மழை மேல விழாம, காத்து உள்ள போனா விறகு காஞ்சே தீரும், நாள் மட்டும் கூடுதலா கேக்கும். ஒரு மழையில நனைஞ்சிடுச்சேன்னு பதறவும் வேண்டாம், காஞ்ச கட்டையோட மேல்தோல் மட்டும்தான் நனையும், ரெண்டு மூணு நாள் காத்துல போயிடும், பச்சை மரத்துக்குள்ள இருக்கிற தண்ணி வேற.

காஞ்சிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ரெண்டு கட்டையை முட்டிப் பாத்தா கிண்ணுனு சத்தம் வரணும், தொப்புனு கேட்டா ஈரம். முனையில வெடிப்பு விட்டிருக்கும், பட்டை கையில உரியும், நிறம் மங்கியிருக்கும். ஆனா வெடிப்பை மட்டும் நம்பாதீங்க, 30 சதவீதத்துக்குக் கீழ இறங்க ஆரம்பிச்சதும் மரம் சுருங்கி வெடிக்கத் தொடங்கும், முனை மட்டும் சீக்கிரம் அங்க வந்துடும், உள்ள இன்னும் தண்ணி நிக்கும். மீட்டர்ல பாக்கும்போது முனையிலயோ வெளித்தோல்லயோ குத்தாதீங்க, கட்டையை அப்பவே பிளந்து, புதுசா தெரியுற முகத்தோட நடுவுல, நார் ஓடுற திசையில ரெண்டு ஊசியும் இருக்கிற மாதிரி அழுத்திக் குத்துங்க. உறைபனியில கிடந்த கட்டைன்னா ஒரு நாள் வீட்டுக்குள்ள வச்சுட்டுப் பாருங்க, குளுந்த மரத்துல மீட்டர் கம்மியா காட்டி ஏமாத்தும். நாலஞ்சு இடத்துல இருந்து எடுத்துப் பாக்கணும், மேல் வரிசை காஞ்சிருக்கும், கீழ நடுவுல இருக்கிறது பின்தங்கியிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி தராசுதான். அடுக்கும்போதே சுமாரான அளவுல மூணு கட்டை எடுத்து எடை போட்டு, வெட்டு முனையில மார்க்கர்ல எடையும் தேதியும் எழுதி, கை எட்டுற உயரத்துல மூணு இடத்துல சொருகிடுவேன். ஒரு ஓக் கட்டை, வச்ச அன்னைக்கு 3.60 கிலோ. முதல் கோடை முடிவுல 2.85. பாத்ததும் அடடா முக்கால் கிலோ போயிடுச்சே, காஞ்சிருக்கும்னு தோணுச்சு, ஆனா தண்ணியே இல்லாம அந்தக் கட்டை 2 கிலோ, அதை வச்சுக் கணக்குப் போட்டா இன்னும் 42 சதவீதம். ரெண்டாவது கோடை முடிவுல 2.46, அதாவது 23, கிட்ட வந்துட்டோம் ஆனா வரல. மூணாவது கோடைக்கு அப்புறம் 2.36, பதினெட்டு. முனையில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதியிருந்த அந்த நாலு எண்ணையும் பாத்துட்டுதான் அடுப்புல வச்சேன், ஒரு சத்தம் இல்ல, நுரை இல்ல, கண்ணாடி காலையிலயும் பளிச்சுனு இருந்துச்சு. காஞ்ச எடை எப்படித் தெரியும்னா, அதே மரத்துல ஒரு சின்னத் துண்டைச் சீவி எடை போட்டு, ஓவன்ல 103 டிகிரியில எடை இறங்குறது நிக்கிற வரைக்கும் வச்சு எடுங்க, பக்கத்துலயே நின்னு பாத்துக்கங்க. குறைஞ்ச எடையை காஞ்ச எடையால வகுத்து நூறால பெருக்குனா அன்னைய ஈரம் வந்துடும், அதை வச்சு பெரிய கட்டையோட காஞ்ச எடையையும் கண்டுபிடிச்சுடலாம். ஓவன் இல்லன்னாலும் பரவாயில்ல, ரெண்டு மாசம் தொடர்ந்து எடை இறங்கலன்னா அந்த இடத்துல அது காயுற அளவுக்குக் காஞ்சாச்சுன்னு அர்த்தம்.

மூணு வருஷ சுழற்சிக்கு மூணு வரிசையோ மூணு கொட்டகை அறையோ வச்சுக்கங்க, ஒவ்வொண்ணு மேலயும் எந்த வருஷம் பிளந்ததுன்னு ஒரு தகரத்துல எழுதி ஆணி அடிச்சுடுங்க, ஞாபகம் இருக்கும்னு விடாதீங்க, இருக்காது. பழசு முதல்ல. ஒரு வரிசை காலியானதும் அதே இடத்துல அந்த வசந்தத்துலயே பச்சையை ஏத்தணும். பாதி காலியான வரிசை மேல புது விறகைப் போடாதீங்க, அப்படிப் போட்டா அடியில இருக்கிற மூணு வருஷக் கட்டை வெளியவே வராது.

விறகை தூரத்துல இருந்து கொண்டு வர்றதையும், வெளியூர் போகும்போது எடுத்துட்டுப் போறதையும் நிறுத்துங்க. எமரால்டு ஆஷ் போரர்னு ஒரு பச்சை வண்டு, 2002ல அமெரிக்காவுல மிச்சிகன்ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் கோடிக்கணக்கான ஆஷ் மரம் செத்துச்சு, அது தானா பறந்து போன தூரத்தை விட விறகு லாரியிலயும் கார் டிக்கியிலயும் ஏறிப் போன தூரம் ரொம்ப அதிகம். பூச்சி இருக்குன்னு விறகு மேல மருந்து அடிக்கவே கூடாது, எரிக்கும்போது அதைத்தான் சுவாசிப்பீங்க. வீட்டுக்குள்ள ரெண்டு மூணு நாளைக்கு வேண்டியது மட்டும் கொண்டுவந்து வைங்க, ஸ்டவ்வுல இருந்து கை எட்டாத தூரத்துல.

எரிக்கக் கூடாததும் இருக்கு. பெயின்ட் அடிச்சது, மருந்து ஏத்துன வேலிக் கட்டை, பிளைவுட், மரநாரைப் பசையில ஒட்டி அமுக்குன எம்டிஎஃப் பலகை, இதெல்லாம் விஷப்புகை, பழைய மருந்துக் கட்டையில ஆர்செனிக்கே இருக்கும், சாம்பல்லயும் தங்கும். கடல்ல மிதந்து வந்த கட்டையில உப்பு ஊறியிருக்கும், இரும்பை அரிக்கும், புகையும் நச்சு. அரளியைக் கண்டிப்பா அடுப்புப் பக்கமே கொண்டு வராதீங்க, அதோட புகையும் விஷம், தோட்டத்துல கழிச்ச கிளைங்களோட கலந்து வந்துடும், பாத்து எடுங்க.

இப்ப கையில ஒண்ணுமே இல்லாம ஆரம்பிக்கிறவங்களுக்கு, ஏன்னா கஷ்டமான வருஷம் முதல் வருஷம்தான். குளிர்காலக் கடைசியிலயே ஆஷோ பைனோ எது கிடைக்குதோ ஒரு குளிருக்கு வேண்டியதை வாங்கி, 8 சென்டிமீட்டருக்கு மேல போகாம மெல்லிசா, கால் மீட்டர் நீளத்துக்கு வெட்டி, நல்ல காத்து வர்ற இடத்துல ஒத்தை வரிசையா போடுங்க, இது வர்ற குளிருக்கு. அதே வசந்தத்துல மேப்பிள், பீச் மாதிரி ஏதாவது அடுத்த குளிருக்கு, எவ்வளவு முடியுதோ அவ்வளவு. ஓக் சும்மா கிடைச்சா வாங்கி ஓரமா அடுக்கி மறந்துடுங்க, அது மூணாவது குளிருக்கு. முதல் வருஷம் இழுபறியா இருந்தா அமுக்குன மரத்தூள் கட்டை கொஞ்சம் வாங்கி பாதிக்குப் பாதி கலந்து எரிங்க, அதுல ஈரம் ரொம்பக் கம்மி, அரைகுறை விறகையும் இழுத்துக்கிட்டுப் போகும், ஆனா ஸ்டவ் கம்பெனி புத்தகத்துல சொன்ன அளவைத் தாண்டிப் போடாதீங்க. அடுத்த வருஷத்துல இருந்து, எரிச்சதை விட அரைப் பங்கு கூடுதலா ஒவ்வொரு வசந்தத்துலயும் ஏத்துங்க, 11 மீட்டர் எரிச்சா 16 மீட்டர் அடுக்குங்க. நாலஞ்சு வருஷத்துல மூணு வரிசையும் நிறைஞ்சு நிக்கும், அதுக்கப்புறம் எரிச்ச அளவுக்கு மட்டும் ஏத்துனா போதும். கை கால் முடியாத ஒரு வசந்தம் வந்து கோடாலியையே தொட முடியாம போச்சுன்னாலும், அடுத்து வர்ற ரெண்டு குளிருக்கு காஞ்ச கட்டை கொல்லையில தயாரா இருக்கும்.